சத்தமாச் சொல்லு, சாத் மே சலோ

மேடைக்கு முன்னால் நின்றவர்கள் பாடியதைக் கேட்டபோது என் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

புனேயில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியின் ஆண்டு விழா அது. குளிர் தொடங்கியிருந்த மாதம். சூரியன் இறங்கும் நேரத்தில் மைதானத்துப் புழுதி செம்மஞ்சளாகத் தெரிந்தது. மேடைக்குப் பின்னால் யாரோ வடா பொரித்துக்கொண்டிருந்தார்கள். கிட்டார் கம்பியில் விரல் வைத்தால் ஐஸைத் தொட்டது போல இருந்தது.

நாங்கள் மூன்றே பேர். கிட்டார் நிகில், டிரம்ஸ் சலீம், பேஸ் கிட்டாரும் பாட்டும் நான். கடைசியாக எங்கள் சொந்தப் பாட்டை எடுத்தோம். சரணம் இந்தியில், முணுமுணுப்பாக வரும். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. அப்புறம் நிகில் காலடியில் இருக்கும் பெடலை மிதிப்பான். கிட்டார் தகரத்தைக் கிழிப்பது போல உறுமும். நான் முழுத் தொண்டையில் ஒரே ஒரு தமிழ் வரியைக் கத்துவேன்: ‘சத்தமாச் சொல்லு!’

முதல் தடவை கூட்டம் திகைத்தது. இரண்டாவது தடவை தலையாட்டியது. மூன்றாவது தடவை என்னோடு சேர்ந்து பாட ஆரம்பித்தது. ஆனால் அவர்கள் பாடியது என் வரி இல்லை.

‘சாத் மே சலோ! சாத் மே சலோ!’

சேர்ந்து நட, கூடவே வா. அதுதான் அதற்கு அர்த்தம். தமிழ் தெரியாத அந்தப் பிள்ளைகளின் காதில் ‘சத்தமா’ என்பது ‘சாத் மே’ ஆகியிருந்தது. பாட்டின் தாளத்துக்காக நான் ‘ச்சொல்லு’ என்று அழுத்தியது ‘சலோ’ ஆகியிருந்தது. மைதானம் முழுக்க ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு ஆடினார்கள். நான் திரும்பி நிகிலைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

போன வாரம், எங்கள் முதல் கச்சேரியில் ஆம்ப்ளிஃபயர் புகைந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு புனேயை ஒட்டிய நிக்டியிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். கல்லூரியில் படித்தபோது இந்தப் பாட்டைப் பாடித்தான் தன் கணவரைப் பிடித்தாராம். “உண்மையில அந்த வரி என்னங்க?” என்று கேட்டார். அவரிடம் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் இந்த வாரம்.

ஹேமர் ஷாப்

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். பெயர் மாணிக்கம். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே புனே வந்தவர். கசார்வாடியில், ரயில் பாதைக்கும் பழைய மும்பை சாலைக்கும் நடுவே, வரிசையாக இருந்த அறைகளில் எங்கள் வீடு. இரண்டு பக்கமும் லேத் பட்டறைகள்.

நைனாவுக்குச் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் வேலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பை நீண்ட இடுக்கியால் பிடித்து அச்சின் மேல் வைப்பார்கள். மேலிருந்து பெரிய சுத்தியல் இயந்திரம் விழும். அந்த இடத்துக்கு ஹேமர் ஷாப் என்று பெயர். சுத்தியல் விழுகிற அதிர்ச்சியில் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த முருகன் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொள்ளும். அம்மா தினமும் விளக்கேற்றுவதற்கு முன் அதை நேராக்குவாள்.

அங்கே யாரும் வாயால் பேச முடியாது. கையைத் தூக்கினால் நிறுத்து, விரலை மடக்கினால் திருப்பு, தாடையைத் தடவினால் டீ. நைனா வீட்டுக்கு வந்த பிறகும் சில சமயம் தாடையைத் தடவுவார். அம்மா டீ போடப் போவாள்.

அவருக்குக் காது போய்விட்டது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் ஒருநாள்கூட ‘கேக்கல’ என்று சொன்னதில்லை. குறை பேசுகிறவரிடம் இருப்பது போலத்தான் கேட்பார்:

“வாய்க்குள்ளயே பேசாத. சத்தமா சொல்லு.”

அதனால் எங்கள் வீட்டில் எல்லாமே சத்தம்தான். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் நாங்கள் எந்நேரமும் சண்டை போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். பக்கத்து அறை மராத்திக்கார அம்மாள், “மல்லி பேசினால் ஸ்டேஷனில் ரயில் நிற்கும்” என்பார்.

பிற்பாடு ஒரு ஆங்கிலப் பத்திரிகை என் குரலைப் பற்றி எழுதியது. கரடுமுரடான, கோபம் கொப்பளிக்கும் குரலாம். படித்துவிட்டு அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். கோபமாவது ஒன்றாவது? குழம்பு கொதிக்கிறது, சாப்பிட வருகிறாயா என்று நைனாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்த குரல் அது.

வியாழக்கிழமை

எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் வார விடுமுறை வியாழக்கிழமை. மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. அன்றைக்குக் கசார்வாடி வேறு ஊர் போல இருக்கும். குருவி கத்துவது கேட்கும். ஆண்கள் பனியனோடு வாசலில் உட்கார்ந்து சவரம் செய்வார்கள்.

நிகில் என்னோடு பி.காம் படித்தவன். நிக்டியில் காலனி வீடு. அவனுடைய தாய்மாமனுக்குக் கசார்வாடியில் ஒரு லேத் பட்டறை இருந்தது. வியாழக்கிழமை அது சும்மா கிடக்கும் என்பதால் அங்கேதான் ஒத்திகை. தகரக் கூரை. லேத்தில் ஊற்றும் எண்ணெய்த் தண்ணீரின் புளித்த வாடை. சுருள் சுருளாகக் கிடக்கும் இரும்புச் சீவல் செருப்பில் குத்தும். கட்கியில் கல்யாண பேண்டில் வாசித்துக்கொண்டிருந்த சலீமை நிகில் எங்கிருந்தோ பிடித்து வந்தான். எங்கள் குழுவுக்கு ‘வீக்லி ஆஃப்’ என்று பெயர் வைத்தவனும் சலீம்தான்.

நான் அதில் எப்படிச் சேர்ந்தேன் என்றால், பேஸ் கிட்டார் யாருக்கும் வேண்டாத வாத்தியம். எல்லோருக்கும் முன்னால் நின்று விரல் பறக்க வாசிக்கத்தான் ஆசை. நாலு கம்பியில் ‘தும் தும்’ என்று ஓரமாக நிற்க ஒருவரும் வரவில்லை. கல்லூரி கேன்டீனில் டீக்காரரைக் கூப்பிட்ட என் குரலைக் கேட்டு நிகில், “நீ வருகிறாயா?” என்றான். போனேன். அந்தக் காலத்தில் நாங்கள் கேட்டதெல்லாம் வெளிநாட்டு ராக் கேசட்டுகளின் நகலுக்கு நகல். பாதிப் பாட்டுகளில் வார்த்தையே புரியாது. வார்த்தை புரியாமலே பாட்டு பிடிக்கும் என்பது எனக்கு அப்போதே தெரிந்த விஷயம்தான்.

நிகில் ஒரு மெட்டு போட்டு வைத்திருந்தான். அடங்கி அடங்கி வந்து சட்டென்று வெடிக்கிற மெட்டு. மாதக்கணக்கில் அதற்கு வார்த்தை அமையவில்லை. வெடிக்கிற இடத்தில் என்ன எழுதினாலும் பொய்யாகத் தெரிந்தது.

வேலூர் வரன்

ஒரு மழைக்கால வியாழக்கிழமை வேலூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தோல் கம்பெனியில் கணக்கர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். உப்புமா சாப்பிட்டார், தலைகுனிந்தே இருந்தார். எல்லோரும் எழுந்து வாசலுக்குப் போனார்கள். மாப்பிள்ளையின் மாமா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். குடை மாறிப்போய் அது ஒரு குழப்பம்.

நைனா உள்ளே வந்து என்னிடம் கேட்டார், “இன்னாம்மே, புடிச்சிகீதா?”

வாசலில் ஆட்கள் நிற்கிறார்களே என்று நான் மெல்ல, “எனக்கு இப்ப வேணாம் நைனா” என்றேன்.

“இன்னா?”

“வேணாம்.”

“வாய்க்குள்ளயே பேசாத. சத்தமா சொல்லு.”

அம்மா கண்ணால் ஜாடை காட்டினாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்கு இன்றும் தெரியாது. அடக்கு என்றாளா, சொல்லு என்றாளா? நான் மூச்சை இழுத்துக் கத்தினேன்:

“எனக்குக் கல்யாணம் வேணாம்! நான் பாடப் போறன்!”

வியாழக்கிழமை என்பதால் ஒரு லேத்தும் ஓடவில்லை. வரிசை முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளையின் மாமா ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார்.

முணுமுணுத்தபோது அது எனக்கே நிச்சயமில்லாத ஒன்றாக இருந்தது. யாராவது இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசியிருந்தால் நான் சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். கத்தின பிறகுதான் அது முடிவாயிற்று.

நைனா என்னையே பார்த்தார். “சரி. அதுக்கு ஏன் அழுவுற?” என்றார். வெளியே போய், “பொண்ணு வேணாங்குது. மனசுல வெச்சிக்காதீங்க” என்று கைகூப்பி அவர்களை வழியனுப்பினார். அவ்வளவுதான். அதைப் பற்றி வீட்டில் மறுபேச்சு வரவில்லை.

நான் மழையிலேயே பட்டறைக்கு ஓடினேன். தகரக் கூரை மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நிகில் மெட்டை வாசித்தான். வெடிக்கிற இடம் வந்ததும் என் வாயிலிருந்து அந்த வரி தானாக வந்தது. சலீம் கையில் இருந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டு, “அது என்ன?” என்றான்.

“என் அப்பா சொல்வது.”

“மறுபடி சொல்.”

அன்று மாலைக்குள் பாட்டு முடிந்துவிட்டது. சரணங்களில் மனிதர்கள் முணுமுணுக்கிற விஷயங்களை இந்தியில் எழுதினோம். வேலையை விட வேண்டும் என்பது, உன்னைப் பிடித்திருக்கிறது என்பது, பயமாக இருக்கிறது என்பது. ஒவ்வொன்றுக்கும் பதிலாக நைனாவின் ஒரே வரி.

மும்பைக்காரர்

அந்தக் கல்லூரி விழாவுக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வேறு கல்லூரிகளிலிருந்து கூப்பிட்டார்கள். நாங்கள் மேடை ஏறுவதற்கு முன்பே ‘சாத் மே சலோ’ என்று கத்தினார்கள். பாட்டின் பெயரே அது என்று ஆகிவிட்டது.

மும்பையிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் வந்தார். புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு இரானி ஓட்டலில் எங்களை உட்காரவைத்து பன் மஸ்கா வாங்கித் தந்தார். வெண்ணெயை விரலால் வழித்துக்கொண்டே சொன்னார், “வரியை மாற்றச் சொல்லவில்லை. அது ஏற்கெனவே மாறிவிட்டது. அதை அப்படியே பதிவு செய்தால் போதும்.”

நான் மாட்டேன் என்றேன். வெளியே வந்ததும் நிகில் நடுத்தெருவில் சண்டை போட்டான். “அது உன் அப்பாவின் வார்த்தை, ஒத்துக்கொள்கிறேன். மெட்டு என்னுடையது இல்லையா? ஒரு வரிக்காக எல்லாவற்றையும் விடச் சொல்கிறாயா?” அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் அசையவில்லை.

அதே வாரம் ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்தாள். அவளுக்கு ஒரு தமிழ்த் தோழி இருந்ததால் உண்மையான வரியைக் கண்டுபிடித்துவிட்டாள். “உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள். ஹேமர் ஷாப், காது, இந்தப் பாட்டு. அருமையான கட்டுரை வரும்” என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். பாட்டைக் காப்பாற்ற இது ஒரு வழி என்று தோன்றியது. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனாவிடம் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் பகலில் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

“பாட்டீலு பூட்டான்ல, தெரியுமா உனக்கு?” என்றார்.

தெரியாது. அம்மாதான் சொன்னாள். பாட்டீல் அதே ஹேமர் ஷாப்பில் இருந்தவர். மருத்துவப் பரிசோதனையில் காது கேட்காது என்று தெரிந்ததும் அவரைக் கழிவு இரும்பு கொட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் அங்கேயும் ஆள் வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“இவரு டாக்டரு வாயப் பாத்தே பதில் சொல்லிகினு வராரு, இத்தினி வருசமா” என்றாள் அம்மா. “டாக்டரு குனிஞ்சிகினு பேசினா போச்சி.”

நைனா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “உன் பாட்டு பேப்பர்ல வரட்டும், போட்டோ வரட்டும். என் காது வரக்கூடாது” என்றார். கொஞ்சம் கழித்து, “அந்தப் பசங்க இன்னான்னு பாடறாங்க?” என்று கேட்டார்.

“சாத் மே சலோ.”

“நல்லாத்தான கீது. அதயே பாடு.”

பத்திரிகைக்காரப் பெண்ணிடம், அந்த வார்த்தைக்குத் தனியாக அர்த்தம் ஒன்றும் இல்லை, தாளத்துக்காகப் போட்டது என்றேன். அவள் நம்பவில்லை. ஆனால் எழுதவும் இல்லை. நிகிலிடம் மும்பைக்குப் போகலாம் என்றேன். ஏன் என்று அவன் துருவிக் கேட்காததற்காக இன்றும் அவன் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஸ்டுடியோவில் என் நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப ‘ச்சொல்லு’ என்றே போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் பொறுமையாக, “சலோ மேடம், சலோ” என்று திருத்திக்கொண்டே இருந்தார்.

ஊர் பாடியது

அதற்கப்புறம் அந்தப் பாட்டு எங்கள் கையில் இல்லை.

டிவியின் பாட்டுச் சேனலில் லோணாவளா மலைப்பாதையில் ஒரு குடைக்குள் ஒரு ஜோடி நடந்தது. நாங்கள் மூவரும் பின்னால் பனியில் மங்கலாகத் தெரிந்தோம். கல்யாண ஊர்வலத்தில் பித்தளை வாத்தியங்களில் அதை வாசித்தார்கள். கணபதி ஊர்வலத்தில் லாரி மேல் வைத்த ஸ்பீக்கரில் போட்டார்கள். ஆட்டோவின் பின்பக்கத்தில் எழுதினார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சின்னக் குழந்தைகள் கைகோத்துக்கொண்டு வட்டமாக ஆடினார்கள். எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்தியவர் மைக்கில், “இந்தியில் பாடிப் புகழ்பெற்ற நம் பெண், தமிழிலும் ஒரு வரியாவது பாட வேண்டும்” என்றார். நான் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

நைனாவின் கம்பெனியில் அவர் பெரிய ஆளாகிவிட்டார். அவருக்கு எதிர் ஹேமரில் வேலை பார்த்தவர் ஷிண்டே. நைனாவை விட இளையவர், அடர்ந்த மீசை, எப்போதும் பாடிக்கொண்டே இருப்பவர். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே ‘சாத் மே சலோ’ என்று ஆரம்பித்துவிடுவார். சுருதி எங்கேயோ போகும். நைனா அவரைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டுவார், எல்லாம் கேட்டது போல.

அவருக்கு அந்தப் பாட்டு எந்த அளவுக்குக் கேட்டது? சலீமின் டிரம்ஸ் கேட்டிருக்கும். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

டீக்கடையில்

சண்டை எதுவும் இல்லாமல் எங்கள் குழு கலைந்தது. சலீம் மும்பை ஸ்டுடியோக்களுக்குப் போனான். நிகில் சாஃப்ட்வேரில் சேர்ந்து வெளிநாடு போய்த் திரும்பி, புனேயின் பாணேர் பகுதியில் அடுக்குமாடி வீடு வாங்கினான். எனக்கும் பாணேரில் ஒரு கால் சென்டரில் வேலை. அங்கே எனக்குக் கொடுத்த முதல் பயிற்சி, குரலைத் தாழ்த்திப் பேசுவது.

நைனா ஓய்வு பெற்ற மறு வருடம். நிகில் தன் குடியிருப்புப் புல்வெளியில் ஒரு மாலைக் கச்சேரி ஏற்பாடு செய்தான். சலீமும் வருவதாகச் சொன்னான். எனக்கு இந்தத் தடவை உண்மையான வரியைப் பாட வேண்டும், கதையையும் சொல்ல வேண்டும் என்று ஆசை. நைனாவிடம் கேட்டேன். இனி யார் அவரை என்ன செய்ய முடியும்?

அவர் யோசித்தார். “நான் வெளிய வந்துட்டன். ஷிண்டே இன்னும் உள்ள கீறான். நீ ஹேமர் ஷாப்பு, காதுன்னு சொன்னா, அங்க கீறவன எல்லாம் கூப்ட்டு டெஸ்ட் பண்ணுவான். அவனுங்கள ஒரு வார்த்த கேக்கணும்.”

ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். ஷிண்டேவும் இன்னும் சிலரும் வந்தார்கள். வியர்வையும் கரியும் கலந்த அந்த வாசனை நைனாவின் சட்டையில் நான் பிறந்ததிலிருந்து முகர்ந்தது. அரை டம்ளர் கட்டிங் சாய் வந்தது. நைனா டம்ளரைக் கையில் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல், மராத்தியில் மெல்லச் சொன்னார்:

“மலா ஐகூ யேத் நாஹீ.”

எனக்குக் காது கேட்காது. எந்த மொழியிலும் அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஷிண்டே காதருகே கையைக் குவித்தார். “காய்?” என்றார். என்ன என்று கேட்கிறார்.

நைனா இன்னொரு தடவை சொன்னார். ஷிண்டே மீண்டும், “காய், அண்ணா?” என்றார். மற்றவர்களும் கழுத்தை நீட்டினார்கள். நைனா டம்ளரைப் பலகையில் வைத்தார். எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது. கேட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

“மலா ஐகூ யேத் நாஹீ! இத்தினி வருசமா!”

பின்பாதி தமிழில் வந்துவிட்டது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு ஷிண்டே தன் காதைத் தொட்டுக் காட்டி, “மலா பண்” என்றார். எனக்கும்தான். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் கையை மட்டும் லேசாகத் தூக்கினார்.

எதிரெதிர் ஹேமரில் அத்தனை வருடம் நின்றவர்கள். கையசைவிலேயே பேசியதால் ஒருவருக்குக் கேட்காதது இன்னொருவருக்குத் தெரியவே இல்லை. அவரவர் தான் மட்டும்தான் ஏமாற்றுகிறோம் என்று பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

பாட்டின் கதையை நான் ஷிண்டேவிடம் உரக்கச் சொன்னேன். அவர் மீசையை நீவிக்கொண்டு கேட்டார். “அப்போ ‘சாத் மே சலோ’ இல்லையா?” என்றார் ஏமாற்றமாக. பிறகு மற்றவர்களைப் பார்த்து இந்தியில் சொன்னார், “தனியாகப் போனால் பாட்டீல் கதைதான். எல்லோருமாகப் போனால் யாரை அனுப்புவான்? ஹேமரை யார் ஓட்டுவது? நீ பாடு மகளே.”

புல்வெளி

பாணேர் கச்சேரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் நைனாவும் அம்மாவும். நான் கதையைச் சொன்னேன். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நைனாவை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். அவர் கூச்சத்தோடு கும்பிட்டார். அப்புறம் பாட்டை ஆரம்பித்தோம். வெடிக்கிற இடம் வந்தது. நான் ‘சத்தமாச் சொல்லு’ என்றேன்.

புல்வெளி முழுக்க ஒரே குரலில் பாடியது: ‘சாத் மே சலோ!’

சலீம் சிரிப்பில் தாளத்தையே விட்டுவிட்டான். அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த வரியில் அவர்களுடைய கல்லூரியும் காதலும் மழையும் இருந்தன. ஒரு கதையைக் கேட்டுவிட்டு அதை எப்படி மாற்றிக்கொள்வார்கள்? இரண்டு வரிகளும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எனக்குக் கோபம் வரவில்லை.

பாட்டு முடிந்ததும் ஒரு பெண் மேடைக்கு வந்தார். அதே குடியிருப்பில் இருப்பவர், செவித்திறன் பரிசோதிக்கும் மருத்துவமனை ஒன்றில் வேலை. “அந்த ஹேமர் ஷாப் ஆட்களெல்லாம் ஒரு வியாழக்கிழமை வருவார்களா? நான் கருவியை எடுத்துக்கொண்டு கசார்வாடிக்கே வருகிறேன்” என்றார்.

கை

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரிசோதனை முடிவுகளை யூனியன்காரர்கள் எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போனார்கள். பேச்சு நீண்டது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஹேமர் ஷாப்பில் காதுக்கு மூடி கொடுத்தார்கள். ஷிண்டேவை ஹேமரிலிருந்து எடுத்து உருப்படிகளைச் சரிபார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை, கடைசிவரை முனகிக்கொண்டே இருந்தார். பரிசோதனைக்கு வருகிறேன் என்று சொன்னவர்களில் ஒருவர் வரவே இல்லை. அவரை யாரும் வற்புறுத்தவில்லை.

பரிசோதனை நடந்தது ஒரு பள்ளிக்கூட அறையில். ஜன்னல்களில் கம்பளியைக் கட்டியிருந்தார்கள். சுவரோரமாகச் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் பெரிய பெரிய ஆண்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, கோயிலுக்கு வந்தவர்கள் போல. கருவியோடு வந்த அந்த மருத்துவமனைப் பெண் விளக்கினார்: ஹெட்ஃபோனில் மெல்லிய ஒலி வரும், கேட்டால் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் நைனா. ரொம்ப நேரம் அவர் கை மடியிலேயே இருந்தது. முடிந்ததும் எழுந்து பெஞ்சுக்குப் போகாமல் அங்கேயே ஓரமாக நின்றுகொண்டார்.

அடுத்து ஷிண்டே. ஹெட்ஃபோனை மாட்டியதும் அவர் கண் அந்தப் பெண்ணின் விரல் மேலேயே இருந்தது. விரல் பொத்தானை அழுத்தியதும் கை மேலே போயிற்று. மறுபடி அழுத்தினார், மறுபடி கை. அந்தப் பெண் புரிந்துகொண்டு ஒரு அட்டையால் தன் விரலை மறைத்தார். அப்போதும் ஷிண்டேவின் கை தூக்கலாமா வேண்டாமா என்று தோளுயரத்தில் தயங்கிக்கொண்டு நின்றது.

நைனா போய் அவர் முன்னால் குனிந்தார். ஷிண்டே ஹெட்ஃபோனைக் கழற்றினார். தன் வாய் அவருக்கு நன்றாகத் தெரியும்படி நின்றுகொண்டு, நைனா மராத்தியில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்:

“கேட்டால் தூக்கு. கேட்கவில்லை என்றால் சும்மா இரு. இங்கே யாரும் உன்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள்.”

ஷிண்டே ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். கையை இறக்கி முழங்காலில் வைத்தார். அந்தப் பெண் அட்டைக்குப் பின்னால் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். அந்தக் கை அசையவில்லை. பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.